முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பின் ஓபியாய்டு வலிநிவாரணிகள்: செலுத்தும் முறைகளும் அவற்றிடையேயான வேறுபாடுகளும்

முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை, எலும்பியல் அறுவை சிகிச்சைகளுள் வலி மிகுந்த ஒன்றாகும். தேய்ந்துபோன குருத்தெலும்பும் அதனடியில் உள்ள எலும்பின் மெல்லிய பகுதியும் அகற்றப்பட்டு, உலோகமும் நெகிழியும் கொண்ட செயற்கை மூட்டு பொருத்தப்படுகிறது. மயக்க மருந்தின் தாக்கம் நீங்கியவுடன் தொடங்கும் வலி, முதல் 2 அல்லது 3 நாள்களில் உச்சத்தை அடைகிறது. அதே நாள்களில்தான் நீங்கள் எழுந்து நிற்கவும், முழங்காலை மடக்கி நீட்டவும், சில அடிகள் நடக்கவும் வேண்டியுள்ளது. பல மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சை நடந்த அன்றோ மறுநாளோ நோயாளி எழுப்பி நிறுத்தப்படுகிறார்.

ஆகவே வலியைக் குறைப்பது வசதிக்காக மட்டுமன்று. வலிக்கு அஞ்சி அசையாமல் படுத்திருப்பவருக்கு மூட்டு இறுகிவிடக்கூடும். கால் இரத்தக் குழாய்களில் இரத்தம் உறையும் வாய்ப்பும், நுரையீரலில் சளி தேங்கித் தொற்று ஏற்படும் வாய்ப்பும் கூடுகின்றன. மறுபுறம், வலியை முற்றிலும் போக்க வேண்டும் என்று மருந்தை மிகுதியாகச் செலுத்தினால் மூச்சு மந்தமடையும் ஆபத்து உண்டு. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட அளவைக் கண்டறிவதே சிகிச்சைக் குழுவின் பணி. அதில் உங்கள் பங்கும் உடனிருந்து கவனிப்பவரின் பங்கும் சிறியவை அல்ல.

ஓபியாய்டுகள் எவை?

கசகசாச் செடியின் காயிலிருந்து வடியும் பாலே அபின். அதிலிருந்து 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரித்தெடுக்கப்பட்ட மார்ஃபின், இன்றும் இவ்வகை மருந்துகளின் அளவுகோலாக விளங்குகிறது. ஃபென்டனில், டிரமடால், பியூப்ரினார்ஃபின், டபென்டடால் ஆகியவை ஆய்வகங்களில் உருவாக்கப்பட்ட உறவினங்கள். மூளையிலும் தண்டுவடத்திலும் இம்மருந்துகள் சென்று ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகள் உள்ளன. அவை இருப்பது 1973-இல் ஆய்வகச் சோதனைகள் வாயிலாக நிறுவப்பட்டது. இதே ஏற்பிகள் மூச்சை இயக்கும் மூளைப் பகுதியிலும், குடலிலும், குமட்டலைத் தூண்டும் பகுதியிலும் இருப்பதால்தான் வலி குறையும்போதே மலச்சிக்கல், குமட்டல், உறக்கம், மூச்சு மந்தம் ஆகியவையும் உடன் வருகின்றன.

மருந்து ஒன்றாக இருப்பினும் செலுத்தும் வழி மாறினால் விளைவு ஏன் மாறுகிறது என்ற கேள்வி எழலாம். வாய்வழி உட்கொள்ளும் மார்ஃபினின் பெரும்பகுதி கல்லீரலைக் கடக்கும்போதே சிதைந்துவிடுகிறது; ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே இரத்தத்தைச் சென்றடைகிறது. இரத்தக் குழாயில் செலுத்தினால் முழு அளவும் கிடைக்கிறது. தண்டுவடத்தைச் சூழ்ந்துள்ள திரவத்தில் நேரடியாகச் செலுத்தினால், வாய்வழி அளவில் ஏறத்தாழ முந்நூறில் ஒரு பங்கே போதுமானது. எனவே “எத்தனை மில்லிகிராம் கொடுத்தார்கள்?” என்ற எண்ணை மட்டும் கொண்டு பக்கத்துப் படுக்கை நோயாளியோடு ஒப்பிட்டுப் பார்ப்பதில் பொருளில்லை.

வாய்வழி மருந்துகள்

வயிறும் குடலும் இயல்பாகச் செயல்பட்டு, வாந்தியின்றி நீர் அருந்த முடியும் நிலையில், வாய்வழி மருந்தே முதல் தேர்வு. 2016-இல் அமெரிக்க வலியியல் சங்கம் வெளியிட்ட அறுவைக்குப் பிந்தைய வலி மேலாண்மை வழிகாட்டுதலும், வாய்வழி உட்கொள்ளக் கூடியவர்களுக்கு ஊசியை விட மாத்திரையையே பரிந்துரைக்கிறது. முழங்கால் அறுவை சிகிச்சையில் வயிறு தொடப்படுவதில்லை என்பதால், பெரும்பாலான நோயாளிகள் அன்று மாலையோ மறுநாள் காலையோ இந்நிலையை அடைந்துவிடுகின்றனர்.

உடனடியாகச் செயல்படும் மார்ஃபின் மாத்திரை சுமார் அரை மணி நேரத்தில் வேலை செய்யத் தொடங்கி, ஒரு மணி நேரத்தில் உச்சத்தை எட்டி, 4 மணி நேரம் வரை நீடிக்கிறது. இதனை உடற்பயிற்சி நேரத்தோடு பொருத்திக்கொள்ளலாம். இயன்முறை மருத்துவர் காலை 10 மணிக்கு வருவார் எனில், 9 மணி அளவில் மாத்திரை கொடுக்கப்பட வேண்டும் என்று செவிலியரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பயிற்சி முடிந்து வலி உச்சிக்கு ஏறிய பின் விழுங்கும் மாத்திரையால் அந்நாளின் பயிற்சிக்குப் பயன் ஏதுமில்லை. இந்தச் சிறு ஏற்பாடு, விலையுயர்ந்த கருவிகள் பலவற்றை விட மிகுந்த பலன் தரக்கூடியது.

நீண்ட நேரம் மெதுவாகக் கரையும் மாத்திரைகளை உடைக்கவோ, பொடித்து நீரில் கலக்கவோ கூடாது. 12 மணி நேரத்திற்கு உரிய மருந்து ஒரே நேரத்தில் உடலில் சேர்ந்துவிடும். முதியவருக்கு விழுங்கக் கடினமாக இருக்கிறது என்று நல்லெண்ணத்துடன் பொடித்துக் கொடுப்பதால் நேரும் ஆபத்து இது. விழுங்க இயலாவிடில் மருத்துவரிடம் தெரிவியுங்கள். வேறு வடிவில் மாற்றித் தருவார்.

டிரமடால் இந்தியாவில் பரவலாகப் பயன்படுத்தப்படுகிறது. கல்லீரலில் ஒரு நொதியால் மாற்றப்பட்ட பின்னரே அது முழு வலிமை பெறுகிறது. அந்நொதியின் செயல்திறன் மரபுவழி ஆளுக்கு ஆள் வேறுபடுவதால், ஒருவருக்கு நன்கு கேட்கும் அளவு மற்றொருவருக்கு ஏறக்குறைய பயனற்றுப்போகலாம். “இந்த மாத்திரை எனக்குக் கேட்கவில்லை” என்று நீங்கள் கூறுவது மிகைப்படுத்தல் அன்று. அதற்கு உடலியல் காரணம் இருக்கக்கூடும். வலிப்பு நோய் உள்ளவர்களும், மனச்சோர்வுக்கு மாத்திரை உட்கொள்பவர்களும் அதனைக் கட்டாயம் மருத்துவரிடம் முன்னரே கூற வேண்டும். டிரமடால் வலிப்பைத் தூண்டக்கூடும். சில மனச்சோர்வு மருந்துகளோடு சேரும்போது நடுக்கம், காய்ச்சல், மனக்கலக்கம் ஆகியவற்றோடு கூடிய கடுமையான எதிர்வினையையும் உண்டாக்கக்கூடும்.

தசையில் போடும் ஊசி

இடுப்புத் தசையில் ஊசி போடுவது நெடுநாள் வழக்கம். இன்று பரிந்துரைக்கப்படுவதில்லை. ஊசியே வலி தருகிறது. தசையிலிருந்து இரத்தத்தில் மருந்து சேரும் வேகம் சீராக இருப்பதில்லை. செவிலியர் வந்து மருந்தை எடுத்துப் போட்டு அது வேலை செய்யத் தொடங்குவதற்குள் ஒரு மணி நேரம் கடந்துவிடலாம். உங்களுக்கு இம்முறை பரிந்துரைக்கப்பட்டால், மாற்று வழி உண்டா என்று கேட்பதில் தவறில்லை. குறிப்பாகப் பெத்திடின் ஊசி சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்களுக்கு ஏற்றதன்று. உடலில் தங்கும் அதன் சிதைவுப் பொருள் வலிப்பை உண்டாக்கக்கூடும்.

இரத்தக் குழாய் வழி, நோயாளியே இயக்கும் கருவி

கையில் பொருத்தப்பட்ட குழாய் வழியே சிறிது சிறிதாக மார்ஃபினோ ஃபென்டனிலோ செலுத்துவது, அறுவை அரங்கிலிருந்து வெளிவந்த முதல் சில மணி நேரங்களுக்கு உரிய முறை. விரைவில் பலன் தெரிகிறது. அளவைக் கூட்டவும் குறைக்கவும் எளிது. ஆனால் விடுதிப் பிரிவில் ஒரு செவிலியர் பல நோயாளிகளைக் கவனிக்கும்போது, வலி என்று கூறியதற்கும் மருந்து வந்து சேர்வதற்கும் இடையே காலம் கடந்துவிடுகிறது. வலி ஏறுகிறது, பின் ஒரே முறையில் பெரிய அளவு, உடனே ஆழ்ந்த உறக்கம், விழிக்கும்போது மீண்டும் வலி.

இந்த ஏற்றத்தாழ்வைத் தவிர்ப்பதற்காக உருவாக்கப்பட்டதே நோயாளியே இயக்கும் வலிநிவாரணக் கருவி. மருந்து நிரப்பிய ஒரு மின்விசைக் குழாய், கையில் பிடித்துக்கொள்ளும் ஒரு பொத்தான். அழுத்தினால் சிறிதளவு மருந்து செல்லும். மார்ஃபின் எனில் வழக்கமாக 1 மில்லிகிராம். அதன் பின் 5 முதல் 10 நிமிடங்கள் வரை கருவி பூட்டிக்கொள்ளும். அவ்வேளையில் எத்தனை முறை அழுத்தினாலும் மருந்து வராது. ஆகவே அடிக்கடி அழுத்திவிடுவோமோ என்று அஞ்ச வேண்டியதில்லை.

இக்கருவியின் உண்மையான பாதுகாப்பு பூட்டு நேரம் மட்டுமன்று, உறக்கமே. மருந்து தேவைக்கு மேல் சேரத் தொடங்கினால் நோயாளிக்குக் கண் செருகுகிறது. பொத்தானை அழுத்துவது தானாகவே நின்றுவிடுகிறது. இரத்தத்தில் மருந்தின் அளவு இறங்குகிறது. இந்தச் சங்கிலியை அறுப்பது ஒன்றே ஒன்று: வேறொருவர் பொத்தானை அழுத்துவது. “அம்மா உறக்கத்தில் முனகுகிறார், விழித்ததும் வலிக்குமே” என்று மகளோ கணவரோ அழுத்தும் அந்த ஒரு முறை, உறங்கிக்கொண்டிருப்பவரின் மூச்சை மேலும் மந்தமாக்குகிறது. உயிரிழப்புகளே நேர்ந்துள்ள தவறு இது. பொத்தானை நோயாளியைத் தவிர வேறு எவரும் அழுத்தக் கூடாது. உறங்குபவருக்கு வலிக்குமே என்ற கவலை உங்களுக்கு எழுந்தால் செவிலியரை அழையுங்கள்.

செவிலியர் போடும் ஊசியோடு ஒப்பிட்ட ஆய்வுகளில், இக்கருவியைப் பயன்படுத்தியோருக்கு வலி சற்றே குறைவாகவும் மனநிறைவு மிகுதியாகவும் இருந்தது. உட்கொண்ட மருந்தின் மொத்த அளவும் அரிப்பும் சற்றுக் கூடுதலாக இருந்தன. வேறுபாடு மலைக்கும் மடுவுக்கும் உள்ளது அன்று. வலிக்கும் நேரத்தில் பிறரை எதிர்பார்த்துக் காத்திராமல், தன் கையிலேயே ஒரு வழி இருக்கிறது என்ற உணர்வே நோயாளிகள் இதனை விரும்புவதற்குப் பெரும் காரணம் எனக் கொள்ளலாம்.

இது எல்லோருக்கும் பொருந்துவதில்லை. மனக்குழப்பம் உள்ள முதியவர், பொத்தானின் பயனைப் புரிந்துகொள்ள இயலாதவர் ஆகியோருக்கு உகந்ததன்று. முடக்கு வாதத்தால் முழங்கால் பாதிக்கப்பட்டவர்களுக்குப் பெரும்பாலும் விரல் மூட்டுகளும் கோணியிருக்கும். பொத்தானை அழுத்தவே முடியாமல் போகலாம். அறுவைக்கு முந்தைய நாளே அதனைக் கையில் கொடுத்து அழுத்திப் பார்க்கச் சொல்லும்படி கேளுங்கள். முன்பு ஓபியாய்டு உட்கொள்ளாதவர்களுக்கு, பொத்தானை அழுத்தாமலேயே தொடர்ந்து சொட்டும் அமைப்பைச் சேர்ப்பது தவிர்க்கப்படுகிறது. மேலே கூறிய உறக்கப் பாதுகாப்பை அது குலைத்துவிடும் என்பதே காரணம்.

தண்டுவடத் திரவத்தில் ஒரே ஊசி

முழங்கால் மாற்று அறுவை சிகிச்சைகள் பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழ் மரத்துப்போகச் செய்தே நடைபெறுகின்றன. அதே ஊசியில் மிகச் சிறிதளவு மார்ஃபினையும் சேர்த்துவிடலாம். வழக்கமான அளவு 100 முதல் 150 மைக்ரோகிராம்; அதாவது ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கை ஒட்டியது. மனிதர்களுக்கு இம்முறையில் வலி நிவாரணம் அளித்த முதல் மருத்துவ அறிக்கைகள் 1979-இல் வெளிவந்தன. கூடுதல் குழாயோ கருவியோ வேண்டியதில்லை. 18 முதல் 24 மணி நேரம் வரை பலன் நீடிக்கிறது. கால் தசைகளின் வலிமை குறைவதில்லை. அரசு மருத்துவமனைகள் உள்ளிட்ட எந்த இடத்திலும் குறைந்த செலவில் செய்யத்தக்கது என்பது இதன் பெரும் சிறப்பு.

இதற்கு ஒரு விலையும் உண்டு. மார்ஃபின் நீரில் கரையும் தன்மையுடையது. கொழுப்புத் திசுக்களில் விரைவாக உறிஞ்சப்படாமல் தண்டுவடத் திரவத்திலேயே தங்கி, மெல்ல மெல்ல மூளையை நோக்கி மேலேறுகிறது. ஊசி போட்ட பல மணி நேரங்களுக்குப் பிறகு, பெரும்பாலும் நள்ளிரவில், மூச்சு மந்தமடையும் ஆபத்து அரிதாக ஏற்படுவது இதனால்தான். குறைந்த அளவு பயன்படுத்தும் இன்றைய முறையில் இது மிக அரிது. எனினும் முதல் 24 மணி நேரமும் மூச்சு எண்ணிக்கையையும் விழிப்பு நிலையையும் குறிப்பிட்ட இடைவெளிகளில் செவிலியர் சோதிக்க வேண்டும். நடுஇரவில் வந்து எழுப்புகிறார்களே என்று சலித்துக்கொள்ள வேண்டாம். அவர்கள் எழுப்பாமல் விட்டுவிட்டால்தான் நீங்கள் கேட்க வேண்டும். இந்த 24 மணி நேரத்திற்குள் வேறு ஓபியாய்டு ஊசியோ தூக்க மாத்திரையோ வழக்கம்போல் கொடுக்கப்படுவதில்லை. வீட்டில் தினமும் உட்கொள்ளும் தூக்க மாத்திரையைப் பையிலிருந்து எடுத்து நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள்.

மூக்கு, முகம், மார்பு ஆகிய இடங்களில் அரிப்பு பலருக்கும் ஏற்படுகிறது. இது ஒவ்வாமை அன்று. தண்டுவடத்திலேயே மார்ஃபின் உண்டாக்கும் விளைவு. ஆகவே “எனக்கு மார்ஃபின் ஒவ்வாது” என்று பிற்கால மருத்துவக் குறிப்புகளில் எழுதிவைக்க வேண்டியதில்லை. அரிப்பு தாங்க முடியாததாக இருந்தால் மாற்று மருந்து உண்டு. குமட்டலும் சிறுநீர் பிரியாமையும் ஏற்படலாம். மார்ஃபினுக்குப் பதிலாக ஃபென்டனில் சேர்க்கப்பட்டிருந்தால் அதன் பலன் சில மணி நேரங்களே நீடிக்கும். எது சேர்க்கப்பட்டது என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

இன்னொன்றையும் எதிர்பார்த்திருங்கள். முதல் நாள் வலியே இல்லாததுபோல் தோன்றிய நோயாளிக்கு, மறுநாள் திடீரென வலி கிளம்புகிறது. மூட்டில் ஏதோ கோளாறு என்று குடும்பத்தினர் பதறுகின்றனர். பெரும்பாலும் நிகழ்ந்திருப்பது, தண்டுவட மார்ஃபினின் பலன் தீர்ந்துபோனதே. அது தீர்வதற்கு முன்பே வாய்வழி மருந்துகள் தொடங்கப்பட வேண்டும். எந்த நேரத்தில் தொடங்குவார்கள் என்பதை அறுவை முடிந்த அன்றே கேட்டு வையுங்கள்.

எபிடியூரல் குழாய்

தண்டுவட உறைக்கு வெளியே உள்ள இடைவெளியில் நூல் போன்ற ஒரு குழாயைப் பொருத்தி, மரத்துப்போகச் செய்யும் மருந்தையும் சிறிதளவு ஃபென்டனிலையும் கலந்து 1 முதல் 3 நாள்கள் வரை தொடர்ந்து செலுத்தும் முறை இது. இரு முழங்கால்களுக்கும் ஒரே நேரத்தில் அறுவை செய்யப்படும்போது சில மருத்துவமனைகளில் தேர்ந்தெடுக்கப்படுகிறது. அறுவைக்குப் பிந்தைய முதல் மணி நேரங்களில் வலியைக் குறைப்பதில் இரத்தக் குழாய் வழி ஓபியாய்டை விடச் சிறந்தது. உறக்கக் கலக்கமும் குறைவு. ஆனால் இரத்த அழுத்தம் தாழ்தல், அரிப்பு, சிறுநீர் தேக்கம் ஆகியவை மிகுதி. கால்கள் கனத்துத் தளர்வதால் எழுந்து நடப்பதும் தாமதமாகிறது. விரைந்து நடக்கவைப்பதே நோக்கமாகிவிட்ட இன்றைய சிகிச்சை முறையில், ஒற்றை முழங்காலுக்கு இதன் தேவை பெரிதும் குறைந்துவிட்டது.

இரத்தம் உறைவதைத் தடுக்க ஹெப்பாரின் வகை ஊசி போடப்படுபவர்களுக்குத் தனிக் கவனம் வேண்டும். அவ்வூசி போட்ட உடனே எபிடியூரல் குழாயை அகற்றினால், முதுகுக்குள் இரத்தம் கசிந்து தண்டுவடத்தை அழுத்தும் அபாயம் உண்டு. அதற்கென வரையறுக்கப்பட்ட கால இடைவெளியைக் கணக்கிட்டே குழாய் அகற்றப்படும். “இன்னும் ஏன் குழாயை எடுக்கவில்லை?” என்று அவசரப்படுத்த வேண்டாம். அகற்றிய பிறகு கால்களில் புதிதாக மரத்துப்போதலோ வலுவிழப்போ, கடுமையான முதுகு வலியோ, சிறுநீர், மலம் கட்டுப்பாடின்றிப் போவதோ ஏற்பட்டால் அந்நொடியே மருத்துவரை அழையுங்கள். சில மணி நேரத் தாமதம் நிலையான முடக்கமாக மாறக்கூடும்.

தோலில் ஒட்டும் பட்டைகள்

ஃபென்டனில் பட்டை புற்றுநோய் போன்ற நீடித்த வலிக்கு உரியது. அறுவைக்குப் பிந்தைய வலிக்கு அதனைப் பயன்படுத்தக் கூடாது. ஒட்டியபின் முழுப் பலன் தெரிய 12 முதல் 24 மணி நேரம் ஆகிறது. அளவு மிகுந்தாலோ, பட்டையை உரித்தெடுத்த பின்னும் பல மணி நேரம் தோலிலிருந்து மருந்து இரத்தத்தில் கலந்துகொண்டே இருக்கிறது. நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வரும் வலிக்கு இத்தகைய மந்தமான மருந்து பொருந்தாது. பியூப்ரினார்ஃபின் பட்டை சில இடங்களில் மூட்டு அறுவை சிகிச்சைக்கு முன்பே ஒட்டப்படுகிறது. அதுவும் மெதுவாகவே செயல்படும். உங்களுக்கு ஏதேனும் பட்டை ஒட்டப்பட்டிருந்தால் அதன் மீது வெந்நீர் ஒத்தடமோ சூட்டுப் பையோ வைக்கக் கூடாது. முழங்கால் வலிக்கு ஒத்தடம் கொடுக்கும் பழக்கம் நம் வீடுகளில் இயல்பானது என்பதால் இதனை வலியுறுத்திக் கூற வேண்டியுள்ளது. வெப்பம் பட்டையிலிருந்து மருந்து வெளிப்படும் வேகத்தைக் கூட்டுகிறது.

ஓபியாய்டைக் குறைக்க உதவும் துணை முறைகள்

இதுவரை கூறிய எந்த முறையும் தனித்துப் பயன்படுத்தப்படுவதில்லை. பாரசிட்டமாலும், உடல்நிலை இடம் தந்தால் அழற்சி குறைக்கும் மாத்திரைகளும் அடித்தளமாக நேரந்தவறாமல் கொடுக்கப்படுகின்றன. ஓபியாய்டு அதற்கு மேல் வரும் வலிக்கு மட்டுமே. தொடையின் உட்பகுதியில் நரம்பைச் சுற்றி மரப்பு மருந்து செலுத்தும் நரம்புத் தடுப்பு ஊசியும், அறுவையின்போதே மூட்டைச் சுற்றிலும் மருந்து ஊற விடுவதும் இன்று பரவலாகியுள்ளன. தொடை நரம்புத் தடுப்பைத் தனி ஓபியாய்டுக் கருவியோடு ஒப்பிட்ட ஆய்வுகள், நரம்புத் தடுப்பு பெற்றோருக்கு வலியும் குமட்டலும் குறைவாக இருந்ததையே காட்டுகின்றன. ஆனால் இடுப்பு மடிப்பில் போடப்படும் தொடை நரம்புத் தடுப்பு, தொடையின் முன்தசையையும் தளர்த்திவிடுகிறது. நோயாளி எழுந்து நின்றவுடன் முழங்கால் மடிந்து விழும் அபாயம் உண்டு. இதனாலேயே சற்றுக் கீழே, தசை வலிமையைப் பெரிதும் பாதிக்காத இடத்தில் ஊசி போடுவதை மயக்கவியல் மருத்துவர்கள் பலர் இப்போது விரும்புகின்றனர். எந்த வகையாயினும் முதல் முறை எழுந்து நிற்பது துணையுடன் மட்டுமே.

பொதுவாகக் கூறினால், ஒரு முழங்காலுக்கான மாற்று அறுவைக்குத் தண்டுவட மயக்கம், நரம்புத் தடுப்பு அல்லது மூட்டைச் சுற்றிய ஊசி, பாரசிட்டமால், தேவைக்கு வாய்வழி ஓபியாய்டு என்ற சேர்க்கையே பெரும்பாலோருக்குப் போதுமானது. ஏற்கெனவே நெடுநாள் ஓபியாய்டு உட்கொண்டு வருபவர், தொடர்ந்து வாந்தி எடுப்பவர், நரம்புத் தடுப்பு ஊசி போட இயலாதவர் ஆகியோருக்குப் பொத்தான் கருவி ஏற்றது. மூட்டு உள்நோக்குக் கருவி வழியாகச் செய்யப்படும் சிறு அறுவைகளுக்கு இவற்றுள் எதுவும் தேவைப்படாமல், மாத்திரைகளே போதும்.

முன்கூட்டியே நீங்கள் கூற வேண்டியவை

அறுவைக்கு முன் மயக்கவியல் மருத்துவர் உங்களைச் சந்திப்பார். உறக்கத்தில் உரத்த குறட்டையும் இடையிடையே மூச்சு நின்று திணறுவதும் உண்டா என்பதை, நோயாளியை விட அருகில் உறங்குபவரே நன்கு அறிவார். அவர் அச்சந்திப்பில் உடனிருக்க வேண்டும். உறக்கத்தில் மூச்சு தடைப்படும் நோய் உள்ளவர்களுக்கு ஓபியாய்டின் அளவும் கண்காணிப்பும் மாற்றி அமைக்கப்படும். சிறுநீரகக் குறைபாடு இருந்தால் மார்ஃபினின் சிதைவுப் பொருள்கள் உடலில் தேங்கும் என்பதால் ஃபென்டனில் போன்ற வேறு மருந்து தேர்ந்தெடுக்கப்படும். மதுப் பழக்கத்தையும், தூக்க மாத்திரை, பதற்றத் தணிப்பு மாத்திரைப் பழக்கத்தையும் மறைக்க வேண்டாம். உறவினர் முன்னிலையில் கூறத் தயக்கமாக இருந்தால் தனியே பேச வேண்டும் என்று கேளுங்கள்.

மருத்துவமனையில் உடனிருப்பவர் கவனிக்க வேண்டியது

வலியை 0 முதல் 10 வரை எண்ணால் கூறும்படி செவிலியர் கேட்பார். படுத்திருக்கும்போது எவ்வளவு, காலை மடக்கும்போது எவ்வளவு என்று இரண்டையும் கூறுங்கள். அசையாதபோது 2 என்றும் மடக்கினால் 8 என்றும் இருப்பவருக்குச் சிகிச்சை போதவில்லை என்றே பொருள். கேட்டால் “பரவாயில்லை” என்று கூறிவிட்டுப் பல்லைக் கடித்துக்கொள்ளும் மூத்தோர் நம் குடும்பங்களில் பலர். அவர்கள் எண்ணைச் சொல்லாவிடினும் முகமும், பயிற்சியைத் தள்ளிப்போடும் சாக்குகளும் சொல்லும். அதனைச் செவிலியரிடம் எடுத்துரையுங்கள்.

ஓபியாய்டு மிகுந்துவிட்டதன் முதல் அறிகுறி மூச்சு நிற்பது அன்று. அளவுக்கு மீறிய உறக்கமே. “இரண்டு நாளாக உறங்கவில்லை, இப்போதாவது நன்றாக உறங்கட்டும்” என்று விட்டுவிடும் நேரத்திலேயே ஆபத்து நெருங்கக்கூடும். பெயர் சொல்லி அழைத்து மெல்லத் தட்டிப் பாருங்கள். கண் திறந்து ஒரு கேள்விக்கு முழு விடை கூறினால் அது இயல்பான உறக்கம். விடை கூறும்போதே பாதியில் மீண்டும் உறங்கிவிட்டாலோ, எழுப்பவே கடினமாக இருந்தாலோ உடனே செவிலியரை அழையுங்கள். மார்பின் எழுச்சியை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள்: பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை இயல்பு. 10-க்குக் கீழ் இருந்தாலும், புதிதாகத் திணறலுடன் கூடிய குறட்டை எழுந்தாலும் காத்திருக்க வேண்டாம். விரலில் மாட்டிய கருவியில் ஆக்ஸிஜன் அளவு 98 என்று காட்டுகிறதே என்று அமைதி அடையவும் வேண்டாம். மூக்கு வழியே ஆக்ஸிஜன் கொடுக்கப்படும்போது, மூச்சு வெகுவாகக் குறைந்த பின்னும் அந்த எண் நெடுநேரம் இயல்பாகவே இருக்கும். தக்க நேரத்தில் கண்டறிந்தால் நாலாக்ஸோன் என்னும் மாற்று மருந்து சில நிமிடங்களில் நிலையைச் சீராக்குகிறது.

அடிமையாகிவிடுவோமா?

இந்த அச்சத்தினாலேயே வலியைத் தாங்கிக்கொண்டு பயிற்சியைக் கைவிடுபவர்கள் உள்ளனர். மருத்துவக் கண்காணிப்பில், சில நாள்களுக்கு, வலி இருக்கும்போது மட்டும் உட்கொள்ளும் ஓபியாய்டால் அடிமைத்தனம் ஏற்படுவது அரிது. அதே வேளையில் ஆபத்தே இல்லை என்று கூறுவதும் சரியன்று. அறுவைக்கு முன்பே மாதக்கணக்கில் ஓபியாய்டு உட்கொண்டவர்களும், முன்பு ஏதேனும் போதைப் பழக்கம் இருந்தவர்களும் பல மாதங்கள் கழித்தும் அதனை விட முடியாமல் தவிக்கும் வாய்ப்பு கூடுதல். பெரும்பாலோருக்கு ஓபியாய்டின் தேவை சில நாள்கள் முதல் 2 வாரங்களுக்குள் முடிந்துவிடும். வலிக்காக அன்றி, உறக்கத்திற்காகவோ மன அமைதிக்காகவோ மாத்திரையைத் தேடுவதாக உணர்ந்தால் மருத்துவரிடம் மனந்திறந்து கூறுங்கள்.

வீடு திரும்பிய பின்

வலி குறையக் குறைய முதலில் ஓபியாய்டைக் குறைக்க வேண்டும். பாரசிட்டமாலை இறுதியில் நிறுத்தலாம். டிரமடாலும் பாரசிட்டமாலும் ஒரே மாத்திரையில் கலந்து வருவது வழக்கம். அதனோடு தனிப் பாரசிட்டமாலையும் சேர்த்து உட்கொண்டால் ஒரு நாளைக்குரிய உச்ச அளவான 4 கிராமைத் தாண்டிவிடக்கூடும். எடை குறைந்தவர்களுக்கும் கல்லீரல் பாதிப்பு உள்ளவர்களுக்கும் இவ்வரம்பு இன்னும் தாழ்ந்தது. மாத்திரை அட்டையின் பின்புறத்தில் உள்ள பெயர்களைப் படித்துப் பாருங்கள். இயலாவிடில் மருந்தாளுநரைப் படித்துக் கூறச் சொல்லுங்கள்.

குமட்டலும் உறக்கமும் சில நாள்களில் பழகிவிடும், மலச்சிக்கல் பழகுவதில்லை. ஓபியாய்டு உட்கொள்ளும் நாள்கள் முழுவதும் மலமிளக்கியும் தேவைப்படுகிறது. நீரும் நார்ச்சத்தும் நல்லவை, ஆனால் அவை மட்டும் போதுமானவை அல்ல. இந்நாள்களில் வாகனம் ஓட்டவும் மது அருந்தவும் கூடாது.

மார்ஃபின், ஃபென்டனில் போன்றவை 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டத்தின் கீழ் வருபவை. 2014-இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, மருத்துவத் தேவைக்கான இன்றியமையாத மருந்துகள் என இவற்றிற்குத் தனி ஏற்பாடு செய்யப்பட்டது. டிரமடால் 2018-இல் இச்சட்டத்தின் கீழ் கொண்டுவரப்பட்டது. எனவே மருத்துவரின் சீட்டின்றி இவை கிடைக்கமாட்டா. எல்லாக் கடைகளிலும் இருப்பு இராது. வீடு திரும்பும்போதே தேவையான நாள்களுக்கு உரியதை மருத்துவமனை மருந்தகத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். பூட்டிய இடத்தில், பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள். மீந்த மாத்திரைகளை அடுத்தவரின் மூட்டு வலிக்குக் கொடுத்துதவுவது உதவி அன்று. மருந்தகத்திலேயே திருப்பி ஒப்படையுங்கள்.

எழுப்ப முடியாத உறக்கம், மிக மெதுவான மூச்சு, உதடு நீலம் பாய்தல், திடீர் மூச்சுத் திணறல், மார்பு வலி ஆகியவற்றுள் எது தோன்றினாலும் 108 அவசர ஊர்தியை அழையுங்கள். கெண்டைக்காலில் வீக்கமும் வலியும், காயத்தில் சீழ் அல்லது பரவும் சிவப்பு, காய்ச்சல், மருந்து உட்கொண்டும் நாளுக்கு நாள் கூடும் வலி ஆகியவற்றிற்கு அன்றே மருத்துவமனையைத் தொடர்புகொள்ளுங்கள். அழைக்கும்போது, கடைசியாக உட்கொண்ட மாத்திரையின் பெயரையும் அளவையும் நேரத்தையும் எழுதிவைத்த தாள் கையில் இருக்கட்டும்.